வராத வயலின் பெயர்

நெடுங்கோட்டகத்தில் அறுவடை முடிந்ததும் வயல்கள் புறப்பட்டுப் போய்விடும். ஆற்றில் தண்ணீர் திறந்த செய்தி வந்ததும் வட்டார வரலாற்றுக் கழகத்தார் வரப்பில் நின்று ஒவ்வொரு வயலையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பெயர் சரியாக இருந்தால் வயல் திரும்பி வந்து தன் இடத்தில் படுத்துக்கொள்ளும். கழகத்தின் வேலை இதுதான். ஒரு வயல் விஷயத்திலும் லோகாம்பாள் விஷயத்திலும் தவிர, இந்த வேலையை அவர்கள் ஒழுங்காகவே செய்துவந்தார்கள்.

லோகாம்பாளுக்குக் கழகம் செய்த அநீதிகளை நடந்த வரிசை மாறாமல் சொல்லிவிட வேண்டும். வரிசை மாறினால் அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

முதலாவது, திருட்டுப் பட்டம். ராவ்சாகிப் அகோரமூர்த்தியின் பண்ணையைச் சேர்ந்த வாய்க்காலோரத்து வயல் ஒன்று, அறுவடைக்கு வெகு முன்பே, களையெடுப்பு நடந்துகொண்டிருந்தபோதே, பயிரோடு எழுந்து போய்விட்டது. அதற்கு முதல் நாள் மாலை, சிவப்பாயி என்ற கூலிப்பெண்ணை அந்த வரப்பில் வைத்துப் பண்ணை ஆட்கள் அடித்தார்கள். அவள் ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி. அடிபட்டு வயலுக்குள் விழுந்தாள். விடிந்து பார்த்தால் வயலும் இல்லை, அவளும் இல்லை. உடல் இல்லாததால் கொலை வழக்கு இல்லை. வயல் இல்லாததால் திருட்டு வழக்கு உண்டு. கழகத்தை நிறுவியவரே ராவ்சாகிப்தான். ஆகவே வயலைத் திருடியவர்கள் லோகாம்பாளும் அவளோடு களையெடுத்தவர்களும்தான் என்று கழகம் சான்றிதழ் கொடுத்தது. போலீஸ்காரர்கள் லோகாம்பாளின் குடிசையில் வயலைத் தேடினார்கள். பானையைக் கவிழ்த்தார்கள், கூரையைப் பிரித்தார்கள், அடுப்புச் சாம்பலைக் கிளறினார்கள். அவள் சேலை மடிப்பில் ஒரு நெற்பயிர் ஒட்டியிருந்தது. அது போதும் என்று உள்ளே வைத்தார்கள்.

இரண்டாவது, அவமதிப்பு. சிறையிலிருந்து வந்த கையோடு கழகத்தில் உறுப்பினராகச் சேரப் போனாள். வயல் உள்ளவர்களுக்குத்தான் வரலாறு உண்டு, இல்லாதவர்களுக்கு வயது மட்டும்தான் உண்டு என்றார்கள். "உம்பேர்லதான் ஒரு வயலத் திருடுன கேஸ் இருக்கே, அதக் கொண்டாந்து காட்டிட்டுச் சேந்துக்க" என்றார் அன்றைய செயலாளர். எல்லாரும் சிரித்தார்கள்.

மூன்றாவது, அவள் எழுதிய எழுத்துக்கு நேர்ந்தது. 'வயல் ஏன் போனது?' என்று எட்டுப் பக்கத்தில் ஒரு பிரசுரம் அச்சிட்டாள். கழக நூலகம் மறுக்காமல் வாங்கிக்கொண்டது. 'பயிர்ப் பூச்சிகள்' என்று எழுதியிருந்த அலமாரியில் வைத்துப் பூட்டியது.

நான்காவது, வெள்ளிவிழா மலர். மதகு திறப்பு விழாவில் ராவ்சாகிப் பேசும்போது பின்னால் நின்று லோகாம்பாள் கோஷம் போட்ட படம் ஒன்று உண்டு. மலரில் அவளை வெட்டிவிட்டார்கள். உயர்த்திய முஷ்டி மட்டும் தலைப்பாகைக்குப் பக்கத்தில் தப்பி நின்றுவிட்டது. 'ராவ்சாகிப் உரையாற்றுகிறார், அருகில் வாழைப்பூ' என்று படத்தின் கீழே போட்டார்கள்.

ஐந்தாவது, ஆண்டுதோறும் நடந்தது. கழகம் வாய்க்காலோரத்தில் நின்று, "ராவ்சாகிப் பங்கே!" என்று கூப்பிடும். அந்த வயல் வராது. ஆண்டறிக்கையில், 'ராவ்சாகிப் பங்கு வழியில் இருக்கிறது' என்று எழுதிவிடுவார்கள். ஐம்பது வருஷத்துக்குப் பக்கமாக அது வழியில் இருந்தது.

ஆறாவது இந்த ஆண்டு வந்தது. வராத வயலின் பெயரை நீக்கிவிடலாம் என்று கழகத் தலைவர் கனகசபை தீர்மானம் கொண்டுவந்தார். கனகசபை, ராவ்சாகிபின் பேரன். கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவர். பெயர் நீக்கப்பட்ட வயல் எந்த ஊருக்கும் சொந்தமில்லை. முதலில் எந்த ஊர் பெயர் வைத்துக் கூப்பிடுகிறதோ அந்த ஊருக்குப் போய்விடும். வாய்க்காலுக்கு அக்கரையில் உள்ள ஆலம்பாடி வரலாற்றுப் பேரவையார் இதற்காக ஓர் இடத்தைச் சுத்தம் செய்து நான்கு மூலையிலும் கொடி நட்டுக் காத்திருந்தார்கள்.

சிவப்பாயி போன வயல் ஆலம்பாடிக்குப் போவதா? லோகாம்பாள் அன்றைக்குச் சோறு வடிக்கவில்லை. கழகக் கூட்டத்துக்குப் புறப்பட்டாள்.

*

லோகாம்பாளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, அவளே எல்லாவற்றையும் அச்சிட்டுவிட்டாள். பள்ளிக்கூடம் போகாதவள். கூலிக்காரர் சங்கத்துச் சுவரொட்டிகளைப் பசை தடவி ஒட்டப் போய், ஒட்டியதை மறுநாள் வெளிச்சத்தில் நின்று பார்த்துப் பார்த்து எழுத்துக் கற்றவள். அதனால் அவளுக்குப் பெரிய எழுத்துதான் சுலபமாக வரும்; பேச்சும் அப்படியே. வயல் போன மறுவாரம் நெடுங்கோட்டகத்துக் கூலிப்பெண்கள் யாரும் வயலில் இறங்கவில்லை. மூன்று மாதம் இறங்கவில்லை. அந்த வேலைநிறுத்தத்தை நடத்தியவள் அவள், சிறைக்குள் போன பிறகும் கடிதம் எழுதி. இனி யார் நிலத்திலும், யார் முன்னாலும் குனிவதில்லை என்று அப்போது சபதம் எடுத்துக்கொண்டாள். மற்றவர்கள் எடுத்த சபதத்தைக் கூலி உயர்ந்ததும் இறக்கி வைத்தார்கள். அவள் வைத்துக்கொண்டாள். நீளமான காம்பு போட்ட விளக்குமாற்றால்தான் வாசல் பெருக்குவாள். ஏதாவது கீழே விழுந்தால் கால்விரலால் இடுக்கி, காலைப் பின்னால் மடக்கிக் கைக்குக் கொண்டுவருவாள். எழுபதைத் தாண்டியும் முதுகு மூங்கில் போல் நின்றது. உடம்புக்கு நல்லது என்று டாக்டர் சொன்னபோது, "இது உடம்புக்காக இல்ல" என்று திருத்தினாள்.

கழகத்தில் அவளைச் சேர்த்தவள் அமலோற்பவம். தபால் நிலையத்தில் வேலை பார்த்தவள். சிறையிலிருந்து லோகாம்பாள் எழுதிய கடிதங்களுக்கு முத்திரை குத்தியவள். ஓய்வுக்குப் பிறகு கழகச் செயலாளர் ஆனதும் முதல் காரியமாக லோகாம்பாளுக்கு உறுப்பினர் அட்டை கொடுத்தாள். யாரும் எதிர்க்கவில்லை, ஏனென்றால் அமலோற்பவத்தின் கையெழுத்து இல்லாமல் எந்த வயலும் உரத்துக்கு மனுப் போட முடியாது.

கூட்டம் கூட்டுறவுச் சங்கத்தின் பழைய உரக்கிடங்கில் நடந்தது. கனகசபை தீர்மானத்தைப் படித்து முடித்ததும் லோகாம்பாள் எழுந்தாள்.

"திருத்தம் கொண்டாறேன். அந்த வயலோட பேரு ராவ்சாகிப் பங்கு இல்ல. சிவப்பாயி பங்கு. அந்தப் பேருல கூப்புட்டா வரும்."

"ஆதாரம் இருக்குங்களா?" என்றார் கனகசபை. கூட்டத்தில் அவர் அவளை 'நீங்க' என்பார். வெளியே பார்த்தால் 'என்னா லோகாம்பா, சௌக்கியமா இருக்கியா' என்பார்.

"அம்பது வருஷமா உங்க தாத்தா பேரச் சொல்லிக் கத்துறீங்க. அது திரும்பிக்கூடப் பாக்கல. அதவிட ஆதாரம் என்னா வேணும் தம்பி? எனக்கே அந்தப் பேரக் கேட்டா திரும்பிப் பாக்கத் தோணாது."

"வரலாறு கோபத்துல எழுதுறதில்லம்மா."

"சாப்புட்ட தெம்புல எழுதுறது. அதான் பாத்தேனே. வாழைப்பூவ."

பக்கிரிசாமி இருமினார். கழகத்துக்காக வயல்களைக் கூப்பிடுகிறவர் அவர்தான். ரோட்டோரம் டீக்கடை வைத்திருந்தார். அவர் ஒரு குரல் கொடுத்தால் மூன்று ஊருக்கு அப்பால் நிற்கிற வயலும் காது கொடுக்கும்.

"எனக்கு எந்தப் பேரா இருந்தாலும் ஒண்ணுதாங்க" என்றார் பக்கிரிசாமி. "ஆனா ராவ்சாகிப்னு கூப்புட்டு ஒவ்வொரு வருஷமும் எனக்குத் தொண்ட கட்டிக்குது. மத்த பேருக்கெல்லாம் கட்டல. அதையும் எழுதிக்கிறதுன்னா எழுதிக்குங்க."

அமலோற்பவம் எழுதிக்கொண்டாள்.

கனகசபை விதிகளைப் புரட்டினார். புதிய பெயரில் ஒரு வயலைக் கூப்பிட வேண்டுமானால் நான்கு எல்லைகளிலும் சாட்சி நிற்க வேண்டும். பத்திரத்தில் எழுதுகிற அதே எல்லைகள்தான். மேற்கே கனகசபையின் சொந்த வயலான நெட்டைமடை. அதற்கு அவரே நிற்கலாம். வடக்கே பக்கிரிசாமியின் மூணுமூலை, அதற்கு அவர். கிழக்கே வாய்க்கால். வாய்க்காலுக்கு ஆள் கிடையாது. "நான் தண்ணிக்குள்ள நின்னுக்கிறேன்" என்றாள் அமலோற்பவம். தெற்கே ரோடு. ரோட்டுக்குச் சாட்சி காலைப் பேருந்து என்று முடிவாயிற்று. கண்டக்டரிடம் பக்கிரிசாமி சொல்லிவைப்பார்.

"ஒரு தடவதான்" என்றார் கனகசபை. "வரலேன்னா பேரை நீக்கிடறோம். அந்தத் தீர்மானத்த நீங்களே எழுந்து வழிமொழியணும்."

"வழிமொழியறேன்."

"ஆலம்பாடிக்காரங்கள வச்சுக்கிட்டு."

லோகாம்பாள் தன் வாழ்க்கையில் ஒரு தீர்மானத்தையும் திரும்பப் பெற்றதில்லை. தோற்றவை நிறைய; அவை எல்லாம் இன்றைக்கும் நிலுவையில்தான் இருக்கின்றன.

"மைக்கு வச்சே வழிமொழியறேன்" என்றாள்.

*

தண்ணீர் மேல்மதகைத் தாண்டிவிட்டது என்று செய்தி வந்த காலையில் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அதுவரை ஊரில் வரப்புகள் மட்டும்தான் இருந்தன. வரப்பு யாருடையது என்பதில் எப்போதும் வழக்கு நடந்துகொண்டிருப்பதால் அவை ஊரை விட்டுப் போக முடியாது. வயல் போன இடத்தில் பள்ளம் ஒன்றும் இருக்காது. வெறும் இடம் இருக்கும். ஆடுகள் அங்கே மேயப் போவதில்லை. கோடையில் பெண் பார்க்க வருகிறவர்களிடம் வரப்போடு நடக்கும்படி சொல்லிவிடுவார்கள்.

"பனையடி வயலே!" என்றார் பக்கிரிசாமி. பனையடி வயல் மேற்கிலிருந்து செம்மண் பூசிக்கொண்டு வந்து படுத்தது. "ஈச்சங்காலே!" ஈச்சங்கால் கடற்கரைப் பக்கம் போயிருந்தது போல, ஓரத்தில் நண்டுகள் ஒட்டியிருந்தன. "நெட்டைமடையே!" நெட்டைமடை ரோட்டைக் கடந்தது. இரண்டு லாரிகளும் ஒரு கல்யாண வேனும் நின்று வழி விட்டன. வேனிலிருந்து ஒருவர் இறங்கி வயலின் ஓரத்து மண்ணைத் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டு ஏறினார். மூணுமூலை வழக்கம்போல் கோணலாகப் படுத்தது. பக்கிரிசாமி அதட்டியதும் திரும்பிப் படுத்தது.

கடைசியாக வாய்க்காலோரத்து இடம் மட்டும் மிச்சம் இருந்தது.

சாட்சிகள் எல்லைகளில் நின்றார்கள். காலைப் பேருந்து வந்து ரோட்டில் நின்றது. பயணிகள் இடப்பக்கத்து ஜன்னல்களுக்கு மாறி உட்கார்ந்தார்கள். கண்டக்டர் படியில் நின்று, "சாட்சிக்கு எல்லாரும் பாத்துக்குங்க, அப்பறம் பாக்கலேங்கக்கூடாது" என்றார். அக்கரையில் ஆலம்பாடிப் பேரவையார் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒலிபெருக்கி, மாலை, எலுமிச்சம்பழம் எல்லாம் கொண்டுவந்திருந்தார்கள். அவர்களுடைய தலைவர் எழுந்து நின்று இந்தப் பக்கம் பார்த்துக் கும்பிட்டார். மரியாதையான மனிதர்.

"சிவப்பாயி பங்கே!" என்றார் பக்கிரிசாமி.

சத்தம் போய்த் திரும்பி வந்தது. வயல் வரவில்லை.

"இன்னொரு தரம் கூப்புடுறேன், எச்சி முழுங்கிட்டேன்" என்றார். கூப்பிட்டார். ஒன்றும் அசையவில்லை. பேருந்தில் ஒரு குழந்தை, "வயலு எங்கம்மா?" என்றது. "வரும் இரு" என்றாள் தாய்.

லோகாம்பாள் தானே வரப்பின் முனைக்கு வந்தாள். நிமிர்ந்து நின்று, கலெக்டர் அலுவலக வாசலில் எத்தனையோ தடவை எழுப்பிய குரலை எடுத்து, "சிவப்பாயி பங்கே!" என்றாள். மூணுமூலை பயந்து ஒரு முழம் தள்ளிப் படுத்தது. வாய்க்காலோரத்து இடம் வெறுமனே இருந்தது.

ஆலம்பாடித் தலைவர் ஒலிபெருக்கியைத் துடைத்தார். "அவசரமில்லீங்க. நீங்க முடிச்சிட்டுச் சொல்லுங்க, நாங்க எடுத்துக்கிறோம்" என்றார்.

"லோகாம்பாம்மா" என்றார் கனகசபை, இனிப்பான குரலில். "வழிமொழிஞ்சிடறீங்களா?"

அவள் அவரைப் பார்க்கவில்லை. வந்து படுத்திருந்த வயல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பனையடி, ஈச்சங்கால், மூணுமூலை. இந்தப் பெயர்களை எல்லாம் இவை யார் வாயில் கேட்டன? வரப்பில் நிற்கிறவன் வாயிலா? அவனுடைய பேச்சு காற்றோடு போகும். நடவிலும் களையெடுப்பிலும் குனிந்திருந்த பெண்கள், மூக்கு தண்ணீரைத் தொடுகிற உயரத்தில் வைத்துப் பேசிய பேச்சுத்தான் மண்ணில் இறங்கும். 'ஈச்சங்கால்ல எனக்கு ரெண்டு முடி நாத்து பாக்கி இருக்கு', 'மூணுமூலையில அட்ட கடிக்குது.' அப்படித்தான் வயல்கள் தங்கள் பெயரைக் கற்றுக்கொண்டன. கற்ற பிறகு யார் நின்று கூப்பிட்டாலும் வரும். சிவப்பாயியின் பெயரை அந்த வயல் இன்னும் தன் பெயராகக் கற்கவில்லை. பேர் வைக்கிற முதல் தடவை அதைக் குனிந்துதான் சொல்ல வேண்டும். இத்தனை எழுதியவள் இதை எழுதாமல் விட்டிருக்கிறாள்.

"குனிஞ்சு கூப்புடணும்" என்றாள் லோகாம்பாள். "மூஞ்சி மண்ணுக்குக் கிட்ட இருக்கணும். அப்பதான் அதுக்குக் கேக்கும்."

"சரி, குனியுங்க" என்றார் கனகசபை.

"நான் குனிய மாட்டேன்."

"நீங்கதானே திருத்தம் கொண்டாந்தது?"

"குனிஞ்சே கெடந்த சனத்த நிமித்துனவ நான். மறுபடி குனிஞ்சு காட்டுறதுக்கா இத்தினி வருஷம் இருந்தேன்?"

"அப்ப யாருதான் குனியறது?"

"இதுவரைக்கும் குனியாதவங்க."

பக்கிரிசாமி தன் இரண்டு கைகளையும் பார்த்தார். அவர் தினமும் அடுப்புக்கு முன்னால் குனிகிறவர். அவருக்குத் தகுதி இல்லை. அமலோற்பவம் வாய்க்காலில் முழங்கால் அளவில் நின்றாள். வாய்க்கால் எந்தக் கட்சியிலும் சேர முடியாது. பேருந்துப் பயணிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் நாற்று நடாதவர் யாரும் இல்லை, டிரைவரைத் தவிர. டிரைவர் ஸ்டியரிங்கை விட்டு எழுந்திருக்கக் கூடாது.

அக்கரையில் ஒலிபெருக்கி ஒரு தடவை கொர்ரென்றது.

கனகசபைக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. முப்பது வருஷம் வரலாறு கற்பித்தவர். தம் காலத்தில் நெடுங்கோட்டகத்தின் வயல் ஒன்று ஆலம்பாடிக்குப் போனது என்று ஆலம்பாடிக்காரன் எழுதுகிற மலரில் அச்சாவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதிலும் அவர்கள் அச்சுப் பிழையோடு எழுதுவார்கள். வேட்டியை மடித்துக் கட்டினார். செருப்பைக் கழற்றி அதன்மேல் கண்ணாடியை வைத்தார். ஏற்கெனவே தண்ணீர் பாய்ந்திருந்த நெட்டைமடையின் ஓரத்தில் இறங்கி, இரண்டு கையையும் சேற்றில் ஊன்றிக் குனிந்தார். அவர் குடும்பத்தில் அந்தக் கோணத்தை முதலில் பார்த்தவர் அவர்தான்.

"இன்னும் கொஞ்சம்" என்றாள் லோகாம்பாள்.

"எவ்வளவு?"

"மூக்குல தண்ணி படணும். நாங்க அப்புடித்தான் பேசிக்கிட்டு இருந்தோம். பாட்டுகூடப் பாடுவோம்."

அவர் மூக்கில் தண்ணீர் பட்டது.

"சிவப்பாயி பங்கே" என்றார் கனகசபை, மண்ணிடம். அதிகச் சத்தம் இல்லை. வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கிற குரல்தான்.

தெற்கே ரோட்டில் பேருந்து லேசாக ஆடியது. பிறகு அதன் அடியிலிருந்தே வயல் வந்தது. சக்கரங்களுக்கு இடையில் புகுந்து, வரப்பைத் தாண்டி, ஒரு பச்சை விரிப்பைப் போல வழுக்கிக்கொண்டு வந்து வாய்க்காலோரத்து இடத்தில் படுத்து, இரண்டு தடவை புரண்டு சரிசெய்துகொண்டது. பயிர் அதன் மேல் அப்படியே இருந்தது. ஒரு நாள்கூட வளரவில்லை. முதல் நாள் பிடுங்கிப் போட்ட களை வரிசையாகக் கிடந்தது. வேரில் ஈரம் காயவில்லை. வரிசையின் நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவு இடத்தில் மட்டும் களை பிடுங்காமல் பாக்கி இருந்தது.

பேருந்தில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். கண்டக்டர் தொப்பியைக் கழற்றினார்.

லோகாம்பாள் அந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய முதுகு இன்னும் ஓர் அங்குலம் நிமிர்ந்தது. அழவில்லை. சங்கத்துக் கொடியேற்றத்தில் நிற்பது போல நின்றாள். "வந்துட்டியா" என்றாள்.

"வருகை பதிவாயிட்டுது" என்றாள் அமலோற்பவம், தண்ணீருக்குள்ளிருந்து. "பேரு, சிவப்பாயி பங்கு. களை பாக்கி."

ஆலம்பாடிப் பேரவையார் கைதட்டினார்கள். கொண்டுவந்த மாலையை வீணாக்க வேண்டாம் என்று வாய்க்காலுக்கு மேலாக எறிந்தார்கள். அது பயிரின்மேல் விழுந்தது. அவர்கள் ஜமக்காளத்தைச் சுருட்ட ஆரம்பித்தார்கள்.

சுருட்டி முடிக்கவில்லை. பேருந்துக்கு அடியிலிருந்து இன்னொன்று வந்தது.

அது சின்ன வயல். ஒரு கோரைப்பாய் அளவுதான் இருக்கும். தள்ளாடிக்கொண்டு வந்தது. வரப்பில் முட்டி நின்று, இரண்டாம் முயற்சியில் ஏறி இறங்கியது. சிவப்பாயி பங்கின் விலாவில் ஒட்டிப் படுத்துக்கொண்டது. இடம் போதாமல் அதன் ஒரு மூலை நெட்டைமடைக்குள் கனகசபையின் முகத்துக்கு எதிரே கிடந்தது. அதில் இன்னும் ஒன்றும் முளைக்கவில்லை. மண் வெதுவெதுப்பாக இருந்தது, ஆவி பறந்தது.

"குட்டி" என்றார் பக்கிரிசாமி.

அமலோற்பவம் வாய்க்காலில் கையை விட்டுப் பார்த்தாள். "தண்ணி ஏறுது. பேரில்லாத வயலுக்குள்ள தண்ணி வந்தா அது தண்ணியோட போயிடும். ஐயா, எழுந்திருங்க, பேரு வைக்கணும்."

கனகசபை எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது. "ஐயோ" என்றார்.

குட்டி வயல் அந்த மூலையைத் தூக்கியது.

"வாய மூடுங்க ஐயா!" என்று கத்தினாள் அமலோற்பவம். "அது பேருன்னு எடுத்துக்கும்!"

கனகசபை வாயை இறுக மூடிக்கொண்டார். குட்டி கொஞ்ச நேரம் காத்திருந்தது. மறுபடியும் ஒரு வார்த்தை வராததால் மூலையை இறக்கியது. அக்கரையில் ஜமக்காளம் மறுபடி விரிந்தது.

"இது யார் பேருல?" என்றார் பக்கிரிசாமி. "விதியில இருக்கா?"

"தாய் சொன்ன பேருதான்" என்றாள் லோகாம்பாள். "அது இருக்கு. எனக்குத் தெரியும். நான் அவளுக்கு அடுத்த வரிசையில இருந்தேன்."

எல்லா எல்லைகளும் அவளைப் பார்த்தன.

"அன்னிக்குக் களையெடுக்கிறப்ப கேட்டோம், என்னாடி பேரு வைக்கப்போறேன்னு. பெரிய பண்ண பேர வைக்கப்போறேன்னா. ஏண்டின்னோம். நம்மள்ளாம் அந்தப் பேரச் சொன்னா நாக்கு அழுகிடும்னு சொல்லி வச்சிருக்காங்கள்ல, என் புள்ளைக்கு வச்சிட்டா நாள் பூரா சொல்லலாமேன்னா. சாணி அள்ள வாடா, ஆட்ட ஓட்டுடா, மூக்க சிந்துடான்னு சொல்லலாமேன்னா. வயலே சிரிச்சுது. நாப்பது பொம்பளைங்க குனிஞ்சுக்கிட்டே சிரிச்சோம். வரப்புல நின்னு வேல வாங்குன பண்ண காரியக்காரன் காதுல விழுந்துட்டுது." லோகாம்பாள் ரோட்டைப் பார்த்து, பேருந்துக்கும் கேட்கும்படி சொன்னாள். "கூலித் தகராறுன்னு உங்க மலர்ல போட்டிருக்கீங்க. கூலிக்கு இல்ல. அந்தப் பேருக்குத்தான் அடிச்சாங்க."

அமலோற்பவம் தூக்கிச் செருகிய சேலை விளிம்பைத் தாண்டித் தண்ணீர் வந்துவிட்டது.

"எனக்குத் தெரியாது" என்றார் கனகசபை. உதட்டை அதிகம் திறக்காமல் வானத்தைப் பார்க்க முயன்று சொன்னார், குட்டிக்குக் கேட்காதபடி.

"இப்பத் தெரிஞ்சிக்கிட்டீங்கள்ல. குனிஞ்சிருக்கிறது நீங்க ஒருத்தர்தான். சொல்லுங்க."

அவர் சேற்றைப் பார்த்தார். தாத்தாவின் அந்தப் பெயர் அவருடைய வீட்டிலும் யார் வாயிலும் வந்ததில்லை. அவருடைய பாட்டி கடைசிவரை 'அவுங்க' என்றே சொல்லிப் போய்ச் சேர்ந்தாள். தகப்பனார் 'பெரியவர்' என்றார். ஊர் 'ராவ்சாகிப்' என்றது. அவர் மட்டும் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் ஓரிரு முறை எழுதியிருக்கிறார், அதுவும் முன்னால் பட்டத்தோடு.

"பட்டத்தோட சொல்லணுமா?" என்றார்.

"பச்சப் புள்ளைக்கு எதுக்குப் பட்டம்?"

"வெறும் பேரு மட்டும் போதுங்களா?"

லோகாம்பாள் யோசித்தாள். நிலுவையில் இருக்கும் தீர்மானங்களில் ஒன்றைக் கையில் எடுத்தவள் போல மெதுவாகச் சொன்னாள்: "அவ எப்புடிக் கூப்புடணும்னு நெனச்சாளோ அப்புடி."

தண்ணீர் வாய்க்கால் கரையின் விளிம்பைத் தொட்டது. கண்டக்டர் விசில் ஊதிப் பேருந்தில் பேச்சை நிறுத்தினார். பக்கிரிசாமி வடக்கு வரப்பில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அமலோற்பவம் தண்ணீருக்குள் நேராக நின்றாள். அக்கரையில் ஆலம்பாடிக்காரர்களும் எழுந்து நின்றார்கள். அவர்கள் சாட்சி இல்லை, மரியாதைக்காக நின்றார்கள்.

கனகசபை மூக்கைத் தண்ணீருக்குக் கொண்டுபோனார். கிழக்கே வாய்க்காலுக்கும் மேற்கே நெட்டைமடைக்கும் வடக்கே மூணுமூலைக்கும் தெற்கே காலைப் பேருந்துக்கும் கேட்கும்படி, எழுத்து எழுத்தாக, உரக்கச் சொன்னார்:

"டேய் அகோரமூர்த்தி, இங்க வாடா."